கை காயக் கூடாது

உமாமகேஸ்வரி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பத்தொன்பது வருடம் சாம்பார் ஊற்றினாள். அத்தனை வருடத்தில் அவள் பெயரைத் தெரிந்துகொண்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு அவள் வெறும் சாம்பார். "ஏ சாம்பார், இங்க வா" என்பார்கள். போவாள். எந்த வரிசைக்கு முதலில் போட வேண்டும், எந்த ஷிப்டுக்கு எவ்வளவு அரிசி வடிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த அளவு அங்கே எவருக்கும் தெரியாது. ஆனால் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. காண்ட்ராக்டர் மாறியபோது முப்பத்தொரு பேரை நிறுத்தினார்கள். அவளும் அதில் ஒருத்தி. அதையும் யாரும் அவளைக் கேட்டுச் செய்யவில்லை.

நாற்பத்தாறாவது வயதில் நீர்முகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

திருவெறும்பூர் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் கோரையேரி. அதன் கரையில்தான் நீர்முகம். முதலாளி அப்துல் சுக்கூர் பாலக்கரைக்காரர். ஷார்ஜாவில் ஒரு பெரிய ஹோட்டலின் விருந்துக் கூடத்தை இருபத்திரண்டு வருடம் கட்டி மேய்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஏரிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தார். மேஜைக்கு வெள்ளை விரிப்பு, துணி நாப்கின், குழந்தைகளுக்கு உயர நாற்காலி, வெளியே ஊஞ்சல், வாத்துகளுக்குப் போட ஒரு கூடை பொரி. குடும்பம் குடும்பமாக வர வேண்டும், ஆனால் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடக் கூடாது. அவருடைய ஆசை அவ்வளவுதான்.

அதற்காகப் பதினோரு விதிகள் எழுதி, லேமினேஷன் செய்து, சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். முதல் விதி, ஹாலுக்குள் வாளி வரக் கூடாது. நான்காவது விதி, ஒரு கோர்ஸ் முடிந்து அடுத்தது வர பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் விருந்தினர் பேசிக்கொண்டே ஏரியைப் பார்ப்பார்கள். ஏழாவது விதி, ஃபோர்க்கும் கத்தியும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து கிடந்தால் சாப்பிட்டவர் முடித்துவிட்டார் என்று அர்த்தம். கேட்காமல், சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டும்.

உமாவுக்கு நான்காவது விதி பிடிக்கவில்லை. சேர்ந்த முதல் வாரமே முதலாளியிடம் போய்ச் சொன்னாள், கையால் சாப்பிடுகிறவர்களைப் பன்னிரண்டு நிமிடம் உட்கார வைத்தால் கை காய்ந்துவிடும் என்று. கேன்டீனில் அவள் தானாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். தட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையைப் பார்க்க வேண்டும். இன்னும் வேண்டும் என்பவன் கை தட்டுக்கு மேலே விரிந்து ஈரமாக நிற்கும். போதும் என்பவன் விரல் தானாக மடங்கும். காத்திருக்கிறவன் கை காயும். கை காய்ந்தால் கோபம் வரும். ஒருமுறை ராத்திரி ஷிப்டில் சோறு எட்டு நிமிடம் தாமதமாகி, அவள் காதோரமாக ஒரு தட்டு பறந்திருக்கிறது.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது சோறு போடற எடம் உமாம்மா. இது டைனிங்" என்றார்.

அவள் தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

எட்டு மாதம் ஆனது. ஹாலுக்கு ஒரு கேப்டன் வேண்டியிருந்தது. எந்த மேஜைக்கு யார், எது எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். இரண்டு பேர் கண்ணில் பட்டார்கள். ஒன்று உமா. இன்னொன்று ஜெய்சங்கர், துறையூர்ப் பையன், இருபத்தாறு வயது, ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ. பதினோரு விதிகளையும் இங்கிலீஷில் ஒப்பிப்பான். கெட்டவன் இல்லை. கண்ணாடி டம்ளரை மூன்று விரலால் தூக்குவான், ஒரு ரேகை படாது. உமாவை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் வேறு பக்கம் திரும்பிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்பத்திரண்டு பேர் விருந்து. அது முடிந்ததும் கேப்டன் யார் என்று சொல்கிறேன் என்றார் முதலாளி. உமா அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சரியாகத் தூங்கவில்லை. சம்பளம் கூடும்தான். ஆனால் அதற்காக இல்லை. சாவதற்குள் ஒரு இடத்திலாவது, ஒரு வேலையாவது, தன்னைக் கேட்டு நடக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

புரட்டாசி மாதம். அதனால் முழுக்கச் சைவம். விருந்து சந்திரசேகருக்கு. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டர் வேலை பார்த்துவிட்டு, செப்டம்பர் முப்பதாம் தேதி ரிட்டயர் ஆனவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் போன் செய்து ஐந்து கோர்ஸ் லஞ்ச் என்று புக் செய்திருந்தாள். ஒரு வேன் நிறையப் பணிமனை ஆட்கள் வந்தார்கள். இன்னொரு வேனில் சொந்தக்காரர்கள். பின்னாலேயே ஒரு காரில் ஸ்ரீரங்கத்துச் சம்பந்தி வீட்டார். சந்திரசேகரின் பையன் அந்த வீட்டுப் பெண்ணைக் காதலித்து, இரண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சரி என்று சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. சந்திரசேகர் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

நீளமாக இரண்டு வரிசை மேஜை. ஒரு வரிசை ஜெய்சங்கருக்கு, ஒரு வரிசை உமாவுக்கு. சந்திரசேகரும் சம்பந்தியும் ஜெய்சங்கர் வரிசையில் இருந்தார்கள்.

சூப் நன்றாகப் போனது. சாலட்டைப் பணிமனைக்காரர்கள் ஆட்டுக்குத் தழை போட்டது போலப் பார்த்தார்கள். அதில் வீரமலை என்று ஒருவர், பெருத்த உடம்பு, சந்திரசேகரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் பக்கத்து ஆளிடம், இதைத் தின்றுவிட்டு வெளியே இருக்கிற வாத்தோடு போய் நீந்த வேண்டியதுதான் என்றார். கட்லெட்டும் பனீரும் வந்தன. கையால் எடுத்து இரண்டு நிமிடத்தில் முடித்தார்கள். அப்புறம் பன்னிரண்டு நிமிடம்.

உமா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலு கைகளில் பாதி மேஜைமேல் அந்தரத்தில் நின்றது. நாப்கினில் துடைக்க மனசில்லை, அவ்வளவு வெள்ளையாக இருந்தது. கழுவப் போகவும் முடியாது, இன்னும் சாப்பாடே வரவில்லை. யாரும் ஏரியைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒரு வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து இரை தேடியது. அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருவழியாக மெயின் கோர்ஸ் ஒவ்வொரு தட்டாக வரத் தொடங்கியது. தேங்காய்ப்பால் சாதம், கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த மாதிரி சின்னக் கோபுரம். சுற்றிலும் குருமா.

சந்திரசேகர் தட்டை ஒழுங்கு செய்தார். பணிமனையில் முப்பத்தெட்டு வருடமும் அவர் வேலை தொடங்குவது அப்படித்தான். முதலில் கருவிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில், இடைவெளி இல்லாமல், நேராக அடுக்கிவைப்பார். அதன் பிறகுதான் கை வேலையைத் தொடும். இப்போதும் ஃபோர்க்கையும் கத்தியையும் எடுத்து, தட்டின் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நேராக வைத்தார். கோபுரத்தை உடைத்துக் குருமாவோடு பிசைந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். சம்பந்தி ஏதோ கேட்க, கையை ஓரமாக வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பிப் பதில் சொன்னார்.

ஜெய்சங்கர் ஃபோர்க்கையும் கத்தியையும் பார்த்தான். ஏழாவது விதி. வலது பக்கமாக வந்து, சத்தமில்லாமல், ஒரு பருக்கை சிந்தாமல் தட்டை எடுத்தான்.

சந்திரசேகர் சம்பந்தியிடம் பேசிக்கொண்டே அடுத்த வாய்க்குக் கையைக் கொண்டுபோனார். கை போய் வெள்ளை விரிப்பில் பட்டது. ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்தது.

அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, தன் தட்டோடு நாலடி தள்ளிப் போய்க்கொண்டிருந்த ஜெய்சங்கரைப் பார்த்தார். சம்பந்தியும் பார்த்தார். சம்பந்தி வீட்டு மாமி வாய்க்குக் கொண்டுபோன கையைக் கீழே இறக்கினாள். மேஜை முழுக்க ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். தன் விருந்தில், புதுச் சம்பந்திக்கு எதிரில், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒரு மனிதனை இதைவிடச் சுலபமாகக் கேவலப்படுத்த முடியாது.

"போதும்னு நினைச்சுட்டாங்க போலிருக்கு" என்றார் சந்திரசேகர். குரல் உயரவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அவர் எழுந்தால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். விருந்துக்கு உரியவர் பாதியில் கை கழுவப் போனால் மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். நாற்பத்திரண்டு பேரும் எழுந்துவிடுவார்கள். எழுந்தவர் அதே சாப்பாட்டுக்குத் திரும்ப உட்கார மாட்டார். வீரமலை ஏற்கெனவே நாப்கினைத் தூக்கி மேஜைமேல் போட்டுவிட்டார்.

"இங்க யாருங்க பொறுப்பு?" என்று கேட்டார் சந்திரசேகர்.

முதலாளி கண்ணாடிக் கதவருகே நின்றிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. ஜெய்சங்கர் தட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். தான் செய்தது எந்த விதிப்படி தப்பு என்று அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஆளில்லாமல் காலியாகக் கிடந்த கேப்டன் இடம் அந்த ஒரு நிமிடத்தில் யாருக்கும் வேண்டாததாக ஆகியிருந்தது.

"நான்தான் சார்" என்றாள் உமா.

சுவரிலிருந்து விலகி நேராக அவரிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"எழுந்திரிக்காதீங்க. உங்க கை இன்னும் ஈரமாத்தான் இருக்கு. அது காயறதுக்குள்ள சோறு வரும். வரலேன்னா கை கழுவிட்டுப் போங்க. நானும் பின்னாடியே வீட்டுக்குப் போயிடறேன்."

சந்திரசேகர் தன் கையைப் பார்த்தார். முழுக்க உட்காரவும் இல்லை, எழவும் இல்லை. உமா அதற்குள் சமையலறைக்குள் இருந்தாள்.

உள்ளே அடுத்த தட்டுக்கு அச்சு வைத்துச் சாதம் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோபுரத்துக்கு ஒன்றரை நிமிடம். அது உதவாது. பின்பக்கம் ஊழியர்கள் சாப்பாடு தயாராக இருந்தது. இருபத்தாறு பேருக்கு வடித்த சோறு, முருங்கைக்காய் சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல், ரசம், ஒரு கூடை அப்பளம். சாம்பார் எவர்சில்வர் வாளியில் ஆவி பறந்தது. அவள் வாளியைத் தூக்கினாள். மாஸ்டர் சேக் மைதீன், அது நம்ம சாப்பாடு என்று தடுத்தார். அப்புறம் ஹாலுக்கா வாளி என்று பதறினார்.

"இன்னிக்கு நமக்குப் பசிக்காது மாஸ்டர். இன்னொரு உலையும் ரசமும் வைங்க. பெருசா" என்றாள் உமா. சர்வர் பாலுவைச் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கச் சொன்னாள். இன்னொரு சர்வர் ருக்ஸாரிடம் பொரியல். ஒரு சுத்தமான தட்டைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளினாள்.

நீர்முகத்தின் ஹாலுக்குள் முதல்முறையாக வாளி வந்தது. கரண்டி அதன் விளிம்பில் மோதி ஓசை எழுப்பியது. அப்துல் சுக்கூர் ஒரு எட்டு முன்னால் வந்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

தட்டை வைத்தாள். பாலு சோற்றைப் போட்டான். உமா நடுவில் பள்ளம் பார்த்து ஊற்றினாள். பத்தொன்பது வருடத்துக் கை. ஒரு சொட்டு விரிப்பில் விழவில்லை. சரியாக இரண்டு துண்டு முருங்கைக்காய், அவருக்கென்றே எடுத்து வைத்தது போல, சோற்றின்மேல் வந்து உட்கார்ந்தது.

சந்திரசேகர் விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார். ஈரம் இருந்தது.

உட்கார்ந்தார். பிசைந்தார். சாப்பிட்டார். ஹாலே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வாய்க்குப் பிறகு நிமிராமலே, "உப்பு சரியா இருக்கு" என்றார்.

எதிர் வரிசையிலிருந்து வீரமலையின் குரல் வந்தது. "ஏண்டா சந்திரா, ரிட்டயர் ஆகி அஞ்சு நாள் ஆகல, அதுக்குள்ள கேன்டீன் சாப்பாட்டைத் தேடிட்டியா? யம்மா, அந்த வாளி இந்தப் பக்கம் வராதா?"

சிரித்தார்கள். சந்திரசேகரும் சிரித்தார். சம்பந்தி, தனக்கும் அதையே போடச் சொல்லித் தட்டை நகர்த்தினார்.

அதற்கப்புறம் உமாவை யாரும் பிடிக்க முடியவில்லை. ஜெய்சங்கர் இன்னும் அதே இடத்தில் பழைய தட்டோடு நின்றிருந்தான். அவன் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அதை உள்ள வச்சுட்டு அப்பளக் கூடையத் தூக்கிட்டு வா. தட்டைப் பார்க்காத, ஃபோர்க்கைப் பார்க்காத. கையைப் பாரு. விரல் விரிஞ்சிருந்தா போடு. மடங்கியிருந்தா விட்டுடு. எவன் கையும் காயக் கூடாது." அவன் தலையாட்டினான். அப்பளக் கூடையை மூன்று விரலால் தூக்க முடியாது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

இரண்டு வரிசையும் அவள் கைக்கு வந்தது. சோறு, சாம்பார், பொரியல், மறுசோறு. இவள் ஒரு முனையில் திரும்பும்போது பாலு மறு முனையில் தொடங்கியிருப்பான். கண்ணால் காட்டுவாள், ருக்ஸார் போவாள். உயர நாற்காலியில் இருந்த மூன்று வயசுக் குழந்தைக்கு அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதன் அம்மா முதல்முறையாகத் தன் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். பன்னிரண்டு நிமிடம் எங்கேயும் இல்லை. ஒரு நிமிடம்கூட இல்லை. கதவைப் பார்ப்பதை எல்லோரும் நிறுத்தினார்கள். பேச்சு தானாக வந்தது. சம்பந்தி, பையனும் பெண்ணும் முக்கொம்புக்குப் போய்த் தன்னிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். ஏரியையும் பார்த்தார்கள்.

சேக் மைதீனின் ரசம் வந்தது. ஸ்ரீரங்கத்து மாமி இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் போன ஜெய்சங்கரிடம், "சாத்தமுது இன்னும் கொஞ்சம் சாதியுங்கோ" என்றாள். அவன் பெரிய மரியாதையோடு ஒரு கரண்டி வெறும் சாதத்தைக் கொண்டுவந்து வைத்தான். ரசத்தைத்தான் மாமி சாத்தமுது என்றாள் என்று புரிந்து, உமா பின்னாலேயே ரசத்தோடு போனாள்.

"மாமி, இதுல பூண்டு போட்டிருக்குங்க" என்று உண்மையைச் சொன்னாள்.

"மணத்துலயே தெரிஞ்சுடுத்தே. அதுனாலதானே மூணாம் தரம் கேக்கறேன்" என்றாள் மாமி. அவள் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி ஏரியை மும்முரமாகப் பார்த்தார்.

மூன்றரை மணிக்குக் கை கழுவினார்கள். நாற்பத்திரண்டு தட்டிலும் முருங்கைச் சக்கை தவிர ஒன்றும் மிச்சமில்லை. இளநீர்ப் புட்டிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஊஞ்சல் பக்கம் போனார்கள். சந்திரசேகர் புறப்படும்போது உமாவிடம் வந்து நின்றார். ஏதோ பெரிதாகச் சொல்ல நினைத்தது மாதிரி இருந்தது. அவருக்குப் பேச வராது. "உங்க பேர் என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். அவர் ஒருமுறை அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு வேனில் ஏறினார்.

வேன் போனதும் ஹாலில் ஊழியர்கள் கூடி நின்றார்கள். அப்துல் சுக்கூர் விரிப்பில் இருந்த மஞ்சள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உமாவைப் பார்த்தார்.

"ஹாலுக்குள்ள வாளி வரக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்."

"ஆமாங்க பாய்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

சேக் மைதீன் தொண்டையைச் செருமினார். பாலு தரையைப் பார்த்தான். முதலாளி ஜெய்சங்கரைப் பார்க்க, அவன் கொஞ்சமும் தயங்காமல் உமா பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினான். அவருக்கு அது தேவைப்படவில்லை. "நாளைலேருந்து நீங்க கேப்டன் உமாம்மா" என்றார். "விதியெல்லாம் உக்காந்து பேசுவோம். எதை வைக்கணும், எதை எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"இப்பலேருந்தே வச்சுக்கங்க பாய். இருபத்தாறு பேரும் இன்னும் சாப்பிடல. அவங்க சோத்தை நான் எடுத்துப் போட்டுட்டேன்."

உள்ளே தேங்காய்ப்பால் சாதமும் குருமாவும் அண்டா நிறைய அப்படியே இருந்தது. ஊழியர்கள் எப்போதும் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில்தான் சாப்பிடுவார்கள். இன்றைக்கு அங்கே வேண்டாம் என்றாள் உமா. கண்ணாடிப் பக்கம், ஏரியைப் பார்த்த மேஜைகளில் தட்டு போடச் சொன்னாள். கோபுரமெல்லாம் வேண்டாம், அள்ளிப் போடு என்றாள். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். தோட்டக்காரர் தன் காலைத் துடைத்துவிட்டு வந்தார். ருக்ஸார் துணி நாப்கினை விரித்து மடியில் போட்டுக்கொண்டு ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார, எல்லோரும் அவளைக் கிண்டல் செய்தார்கள். முதலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சேக் மைதீனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குருமா போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.

உமா எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக உட்கார்ந்தாள். சாதம் நன்றாகவே இருந்தது. சூடாகவும் நிறையவும் போட்டிருந்தால் சம்பந்திக்கும் பிடித்திருக்கும்.

நாலாவது வாய் சாப்பிடும்போது போன் அடித்தது. ஜெய்சங்கர் எழுந்துபோய் எடுத்தான். பேசிக்கொண்டே குறிப்பேட்டைப் புரட்டினான். ஒரு இடத்தில் நிறுத்தி, போனின் வாயைப் பொத்திக்கொண்டு இவள் பக்கம் திரும்பினான். இந்தத் தடவை வேறெங்கும் பார்க்காமல் பதிலுக்காக நின்றான்.

"கேப்டன் அக்கா, ஏழு மணிக்கு எட்டுப் பேர். வையம்பட்டிலேருந்து வர்றாங்களாம், ரெண்டு சின்னப் பசங்க. எங்க உக்கார வைக்கலாம்?"

உமா வாயில் இருந்ததை மென்று முடித்தாள். அவசரப்படவில்லை.

"ஏரி ஓரம், நாலாம் நம்பர்" என்றாள். "பசங்க வாத்து பக்கம்."